கண்டியில் மடிந்த மக்காசர் இளவரசர்



சில மாதங்களுக்கு முன் ஒரு நாள், மஃரிபுக்குப் பின் நடக்கும் ஓதல் வகுப்பு முடிந்து பிள்ளைகள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பதினோரு வயதுப் பிள்ளை ஒன்று மட்டும் வீட்டுக்குப் போகாமல் நின்றது. “ஹஸ்ரத், ஸ்கூல்ல ஒரு பிள்ளை சொல்றா, கண்டி ராசாட காலத்துல எங்கட ஆக்கள் எல்லாம் வெள்ளக்காரன்ட பக்கம்தானாம். உண்மையா?” என்று கேட்டது.

“இல்லை” என்று ஒரே சொல்லில் மறுத்துவிட்டுக் கதவைப் பூட்டியிருக்கலாம். பல்லேகலயில் இருந்துகொண்டு அப்படிச் செய்ய மனம் வரவில்லை. 2018 மார்ச்சில் திகனயிலும் தெல்தெனியவிலும் இந்தச் சுற்றுவட்டாரம் முழுவதிலும் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்த அந்த நாட்களில் இந்தப் பிள்ளைக்கு நினைவு தெரியாது. ஆனால் அதன் வீட்டில் இன்னும் சிலர் இரவில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் எழுந்து உட்காருகிறார்கள். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைக்கு அரைகுறைப் பதில் சொல்லி அனுப்பக் கூடாது. “அடுத்த கிழமை சொல்கிறேன்” என்றேன். அடுத்த கிழமை சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

பல்லேகலயிலிருந்து கண்டிக்குப் பஸ்ஸில் போகும் சகோதரிகள் தென்னகும்புரப் பாலத்தில் மகாவலியைக் கடக்கிறீர்கள். அந்த இடத்திலிருந்து ஆற்றை எதிர்த்து மேலே போனால் முதலில் லேவெல்ல வரும், அதற்கும் மேலே வட்டாபுளுவ. இன்று அது வீடுகளும் மாடிகளும் நிறைந்த இடம். 1803 ஜூன் மாதக் கடைசியில் அந்தக் கரையில் ஒரு படை மூன்று நாட்கள் மாட்டிக்கொண்டு நின்றது. மழையில் ஆறு பெருகிக் கிடந்தது. கடக்கத் தோணியில்லை, பின்னால் கண்டி மன்னரின் ஆட்கள். அந்தப் படையில் பெரும்பகுதி வெள்ளையர் அல்லர், மலாய் முஸ்லிம்கள். அவர்களுடைய தலைவர்களில் ஒருவர்தான் கப்டன் நூருத்தீன்.

அவர் எப்படி இங்கே வந்தார் என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

இன்றைய இந்தோனேசியாவில் சுலாவெசி என்றொரு தீவு உண்டு. அதன் தென்முனையில் மக்காசர் நகரம். அதைத் தலைநகராகக் கொண்ட அரசின் பெயர் கோவா. (இந்தியாவில் இருக்கும் கோவாவுக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.) 1605ல் அந்த நாட்டு மன்னர் இஸ்லாத்தை ஏற்றார். கிராம்பும் ஜாதிக்காயும் விளையும் தீவுகளுக்குப் போகிற கடல் வழியில் அந்த நாடு இருந்தது. ஒல்லாந்தருக்கு அது கண்ணில் விழுந்த தூசியாகத்தான் இருந்திருக்கும். சண்டையிட்டு நாட்டைப் பணிய வைத்தார்கள். பணியாத பெரியவர்களைக் கப்பலேற்றித் தூர தேசங்களுக்கு அனுப்பினார்கள். அப்படி அனுப்பப் பயன்பட்ட இடங்களில் ஒன்று நம் இலங்கை. ஷெய்க் யூசுப் அல்மக்காசரி என்ற மாபெரும் ஆலிமை 1684ல் இங்கே நாடு கடத்தினார்கள். இங்கிருந்தும் அவருடைய செல்வாக்கு ஹஜ்ஜுப் பயணிகள் வழியாகத் தாய்நாட்டை எட்டுகிறது என்று அஞ்சி, பத்து வருடங்களுக்குள் தென்னாபிரிக்காவின் கேப் பகுதிக்கு மாற்றினார்கள். 1699ல் அங்கேயே வபாத்தானார்.

அதே கோவா நாட்டின் மன்னர் சுல்தான் பக்ருத்தீன் 1753ல் அரியணை ஏறியவர். ஆங்கிலேயரோடு சேர்ந்து சதி செய்தார் என்று குற்றம் சாட்டி, 1767ல் அவரையும் ஒல்லாந்தர் இலங்கைக்கு அனுப்பினார்கள். ஊருக்குத் திரும்பும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவேயில்லை. இங்கேதான் குடும்பம் பெருகியது, இங்கேதான் அவர் கண் மூடினார். அரச குடும்பம் என்ற பெயர் இருந்தது, நாடு இல்லை. ஒல்லாந்தர் கொடுக்கும் படிக்காசுதான் பிழைப்பு. அந்த மாதிரிக் குடும்பத்து ஆண் பிள்ளைகளுக்கு என்ன வழி? வியாபாரத்துக்கு முதல் இல்லை, நிலம் இல்லை. கையில் இருப்பது பரம்பரை வீரமும் இடுப்பில் செருகிய கிறிஸ் கத்தியும்தான். ஒல்லாந்தருக்குத் தேவைப்பட்டதும் அதுதான். தகப்பனை நாடு கடத்தியவனிடமே பிள்ளைகள் சம்பளத்துக்கு நின்றார்கள். இதைக் கேட்டு முகம் சுளிக்காதீர்கள் சகோதரிகளே. அடுப்பில் பானை ஏற வேண்டுமே!

1796ல் ஒல்லாந்தர் கொழும்பை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தார்கள். கோட்டையும் பீரங்கியும் கைமாறியது போலவே மலாய்ப் படையும் கைமாறியது. சுல்தான் பக்ருத்தீனின் மக்களில் நூருத்தீனும் அவருடைய சகோதரரும் ஆங்கிலேயரின் மலாய்ப் படையில் அதிகாரிகளாகச் சேர்ந்தார்கள். கப்டன் என்ற பட்டம் கிடைத்தது. மேலே வெள்ளை அதிகாரிகள் இருப்பார்கள் என்பது வேறு. இன்னொரு சகோதரர் சங்குங்லோ. அவர் மலையேறிக் கண்டி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனிடம் போய்ச் சேர்ந்தார். மன்னரிடமும் ஒரு மலாய்ப் படை இருந்தது. அதன் தலைமை சங்குங்லோவுக்குக் கிடைத்தது.

ஒரு தகப்பனின் பிள்ளைகள். ஒரே பாஷை, ஒரே கலிமா. சிலர் கடற்கரை அரசின் பக்கம், ஒருவர் மலைநாட்டு அரசின் பக்கம். அந்தப் பிள்ளையிடம் நான் முதலில் சொன்னது இதைத்தான். “எங்கட ஆக்கள்” எந்தப் பக்கம் என்று கேட்டாயே, எங்கட ஆக்கள் இரண்டு பக்கமும்தான் நின்றார்கள். மன்னரின் குடிகளாக இருந்த கண்டிச் சீமை முஸ்லிம்கள் வேறு இருந்தார்கள். தவளமாட்டில் உப்பும் கருவாடும் பாக்கும் ஏற்றி இறக்கியவர்கள், அரண்மனைக்கு வைத்தியம் பார்த்தவர்கள். 

அந்தப் போர் மூண்டதற்குச் சொல்லப்பட்ட காரணமும் வேடிக்கையானது. 1802ல் புத்தளத்து முஸ்லிம் வியாபாரிகள் சிலர் கண்டிச் சீமைக்குள் போய்ப் பாக்கு வாங்கினார்கள். அதைக் கண்டி ஆட்கள் பறித்துக்கொண்டார்கள். இழப்பீடு கேட்டார் தேசாதிபதி நோர்த். கண்டி தாமதித்தது. நோர்த்துக்கு வேண்டியிருந்தது பாக்கு அல்ல என்பது சொல்லாமலே விளங்கும். அதற்கு முன்பே அவர் மன்னரின் மகா அதிகாரம் பிலிமத்தலாவையோடு, மன்னருக்குத் தெரியாமல் பேசிக்கொண்டிருந்தார். ஆக நம் வியாபாரிகளின் பாக்கு மூட்டை ஒரு போருக்குச் சாக்கானது.

1803 பெப்ரவரியில் ஆங்கிலேயப் படைகள் கொழும்பிலிருந்தும் திருகோணமலையிலிருந்தும் கண்டிக்குள் நுழைந்தன. நகரம் காலி. மன்னர் முன்கூட்டியே விலகிவிட்டார். முன்னைய மன்னரின் மனைவி வழி உறவினரான முத்துசாமி என்பவரைக் கொண்டுவந்து அரியணையில் வைத்தார்கள். மக்கள் ஒருவரும் அவரை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. பிறகு மழை வந்தது, காய்ச்சல் வந்தது. வெள்ளைச் சிப்பாய்கள் ஈசல் போல விழுந்தார்கள். பெரும் படை திரும்பிவிட, மேஜர் டேவி என்பவரின் கையில் ஒரு சிறு காவற்படையும் ஆஸ்பத்திரி நிறைய நோயாளிகளும் மிஞ்சினார்கள்.

ஜூன் 24 விடியற்காலை கண்டியர் தாக்கினார்கள். முன்னணியில் வந்தது மன்னரின் மலாய்ப் படை, தலைமை சங்குங்லோ. அரண்மனையின் ஒரு பக்கம் சங்குங்லோ ஏறி வர, உள்ளே ஆங்கிலேயரின் அணியில் நூருத்தீன். அந்தத் தாக்குதலிலேயே சங்குங்லோ வீழ்ந்தார். டேவியால் அதற்குமேல் தாக்குப்பிடிக்க முடியவில்லை. சரணடைந்தார். ஆயுதங்களோடு திருகோணமலைக்குப் போக வழி விடுவோம், நோயாளிகளைப் பார்த்துக்கொள்வோம் என்று கண்டியர் வாக்குக் கொடுத்தார்கள். முத்துசாமியையும் கூட்டிக்கொண்டு படை வட்டாபுளுவக் கரைக்கு வந்தது. அங்கே ஆறு வழி விடவில்லை.

மன்னரின் ஆட்கள் வந்து முத்துசாமியைக் கேட்டார்கள். நாமே கூட்டிவந்து அரசனாக்கிய மனிதன், நம்மை நம்பி வந்தவன் என்று டேவி தயங்கினார். தயங்கிவிட்டுக் கொடுத்துவிட்டார். முத்துசாமி கொல்லப்பட்டார். அதோடும் முடியவில்லை. ஜூன் 26ல் வெள்ளையரையும் மலாயரையும் வேறு வேறாகப் பிரித்தார்கள். வெள்ளையர் அந்தக் கரையிலேயே கொல்லப்பட்டார்கள். டேவி உட்படச் சிலர் மட்டும் சிறைப்பட்டார்கள். கழுத்தில் வெட்டு வாங்கிச் செத்தவன் போலக் கிடந்த பார்ன்ஸ்லி என்ற ஒரு கோப்ரல், தலையைக் கையால் தாங்கிக்கொண்டு ஆற்றைக் கடந்து மாத்தளைப் பக்கத்துக் கோட்டைக்குச் செய்தி கொண்டுபோனான். நகரத்து ஆஸ்பத்திரியில் கிடந்த நோயாளிகள் நூற்றைம்பது பேரளவில் அதற்கு முன்பே கொல்லப்பட்டிருந்தார்கள். மலாயருக்கு மட்டும் ஒரு வழி திறந்திருந்தது: மன்னரின் படையில் சேர்ந்துகொள்ளலாம். பலர் சேர்ந்தார்கள். சேர்ந்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் யாருடைய போரில் நின்றார்கள்? அவர்களுக்கே அது சொந்தப் போர் இல்லையே.

நூருத்தீனையும் அவருடைய சகோதரரையும் மன்னர் முன் கொண்டுபோய் நிறுத்தினார்கள். கண்டி மன்னர் முன் வருகிறவர் நிலத்தில் விழுந்து கும்பிட வேண்டும் என்பது முறை. இருவரும் மரியாதையாகச் சலாம் செய்தார்கள், விழவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, நாங்களும் அரச குலத்தில் பிறந்தவர்கள், எங்கள் முன்னோர் கோவாவில் ஆண்டவர்கள் என்ற கருத்தில் பதில் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. சகோதரிகளே, இந்த இடத்தில் ஒரு மௌலவிக்குக் கை துறுதுறுக்கும். ‘அல்லாஹ்வுக்கன்றி வேறு யாருக்கும் ஸுஜூது செய்ய மாட்டோம் என்றார்கள்’ என்று எழுதினால் எவ்வளவு அழகாக இருக்கும்! அவர்கள் நெஞ்சில் அதுவும் இருந்திருக்கலாம். ஆனால் வாயில் வந்ததாக எழுதியிருப்பது குலப்பெருமைதான். இல்லாததை இறந்தவர் வாயில் போட எனக்கு உரிமை இல்லை.

மன்னர் கோபிக்கவில்லை. சங்குங்லோவின் இடம் காலியாக இருந்தது. அந்தத் தலைமையை நீ எடுத்துக்கொள் என்றார். யோசித்துப் பாருங்கள். சொந்தச் சகோதரன் வகித்த பதவி. உயிர், மரியாதை, படை எல்லாம் சேர்ந்து வருகிறது. நூருத்தீன் மறுத்தார். இங்கிலாந்து மன்னருக்கு விசுவாசமாக இருப்பேன் என்று ஏற்கனவே சத்தியம் செய்துவிட்டேன், இரண்டாவது எஜமானுக்குச் சத்தியம் செய்ய முடியாது என்பதே அவர் சொன்னதன் சாரம். சிறையில் போட்டார்கள். சில வாரங்கள் கழித்து மீண்டும் அழைத்துக் கேட்டார்கள், இம்முறை மறுத்தால் சாவு என்று சொல்லியே கேட்டார்கள். மீண்டும் அதே பதில். சகோதரர்கள் இருவரையும் கொன்றார்கள். மையித்துகளைக் காட்டில் இழுத்துப் போட்டார்கள், பன்றிகள் தின்னும்படி. கபனும் இல்லை, கபுறும் இல்லை.

இதையெல்லாம் முதலில் எழுதி வைத்தவர்கள் ஆங்கிலேயர்கள். அவர்களில் ஜேம்ஸ் கோர்டினர் என்ற பாதிரியார் அந்த வருடங்களில் கொழும்பில் இருந்தவர், 1807ல் புத்தகம் போட்டவர். தங்கள் மன்னருக்காக ஒரு கீழ்த்திசை இளவரசன் உயிர் கொடுத்தான் என்று எழுத அவர்களுக்குப் பிடிக்கத்தானே செய்யும். ஆகவே வசனங்களை அப்படியே நம்பத் தேவையில்லை. ஆனால் அந்தச் சில நாட்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். நோர்த், மன்னரின் அமைச்சரோடு இரகசியம் பேசினார். கண்டியர், வழி விடுவோம் என்ற வாக்கை மீறினார்கள். டேவி, நம்பி வந்த முத்துசாமியைக் கையளித்தார். பெரிய அரசுகள் எல்லாம் வாக்கைக் கிழித்துக் காற்றில் விட்ட அந்த வருடத்தில், நாடில்லாத ஒரு மனிதர் கொடுத்த வாக்கைத் திரும்ப வாங்க மறுத்துவிட்டார்.

“அப்படியென்றால் அவர் செய்தது சரியா, ஹஸ்ரத்?” என்றது பிள்ளை. நல்ல கேள்வி.

ஹுதைபா (ரலி) அவர்களின் சம்பவத்தைச் சொன்னேன். அவரும் அவருடைய தந்தையும் மதீனாவுக்கு வரும் வழியில் குறைஷிகளிடம் மாட்டிக்கொண்டார்கள். எங்களுக்கு எதிராகப் போரிட மாட்டோம் என்று வாக்குத் தந்தால் விடுகிறோம் என்றார்கள் குறைஷிகள். வாக்குக் கொடுத்துவிட்டு வந்து நபி (ஸல்) அவர்களிடம் சொன்னபோது, பத்ருக்கு ஒவ்வொரு ஆளும் தேவைப்பட்ட அந்த நேரத்திலும், கொடுத்த வாக்கை நிறைவேற்றும்படி சொல்லி அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். எதிரிக்குக் கொடுத்த வாக்கும் வாக்குத்தான்.

ஆனால் அந்தச் சம்பவத்தில் வாக்கு என்பது சண்டையிடாமல் இருப்பதற்கு. நூருத்தீனின் வாக்கு, பிறர் நாட்டைப் பிடிக்க வந்தவனுக்காகச் சண்டையிடுவதற்கு. இரண்டும் ஒன்றல்ல. இந்த வித்தியாசத்தைப் பிள்ளையிடம் மறைக்கவில்லை. அவருடைய சேவை நியாயமான இடத்தில் இருக்கவில்லை, அவருடைய வாய்மை பழுதற்றதாக இருந்தது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. மாற்றுக் கருத்துள்ள சகோதரிகள் எழுதுங்கள்.

இப்படி மாட்டிக்கொண்டவர் இவர் ஒருவர் மட்டுமல்லர். கஸாக் இன மக்களில் செங்கிஸ்கான் வம்சத்தில் பிறந்தவர் ஷோக்கான் வலிகானோவ். ரஷ்யப் பேரரசரின் படையில் அதிகாரியானார். 1858ல் வியாபாரி வேடமிட்டுக் காஷ்கருக்குப் போய், அந்த நாட்டைப் பற்றிய விவரங்களைத் திரட்டி ரஷ்யாவுக்குக் கொடுத்தார். 1864ல் ரஷ்யப் படை அவ்லியா அத்தா என்ற முஸ்லிம் நகரைப் பிடித்தபோது நடந்த கொடுமையைப் பார்த்தார். அந்தப் படையை விட்டு விலகி வந்துவிட்டார். அடுத்த வருடமே, முப்பது வயது நிறையுமுன், இறந்தும் போனார். ஒருவர் வாக்கைக் காத்து மடிந்தார், இன்னொருவர் மனம் பொறுக்காமல் விலகினார். இருவரையும் அந்த நிலைக்குத் தள்ளியது ஒரே வகைப் பேரரசுதான்.

நம் கண்டிச் சீமையிலேயே இன்னொரு சம்பவமும் உண்டு. 1815ல் கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போன பின், 1817ல் வெல்லஸ்ஸையில் ஹாஜி என்றழைக்கப்பட்ட ஒரு முஸ்லிமை முகாந்திரமாக நியமித்து, அப்பகுதி முஸ்லிம்களைச் சிங்களத் தலைவர்களின் அதிகாரத்திலிருந்து பிரித்தார்கள். தலைவர்களுக்கு அது பெரும் மனக்குறை. அந்த வருடம் ஒக்டோபரில் கலகம் வெடித்தபோது ஹாஜி முகாந்திரம் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். பதவி கொடுத்தவன் கணக்குப் பார்த்துத்தான் கொடுத்தான். அதற்கு உயிரை விலையாகக் கொடுத்தவர் நம் ஆள். பழி சுமந்ததோ ஒன்றுமறியாத ஊர்வாசிகள்.

சரி, நூருத்தீனின் வீட்டில் என்ன நடந்தது? ஆண்கள் எழுதிய போர்ச் சரித்திரங்களில் அதைத் தேடினால் கிடைக்காது. ஒரு பெண்ணின் கடிதத்தில்தான் கிடைக்கிறது.

சுல்தான் பக்ருத்தீனின் விதவை பெயர் ஸித்தி ஹபீபா. 1807ல் கொழும்பிலிருந்து பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், இருந்த ஒல்லாந்தத் தேசாதிபதிக்கு அவர் ஒரு கடிதம் அனுப்பினார். கணவர் இறந்துவிட்டார், ஒல்லாந்தர் இலங்கையை விட்டுப் போய்விட்டார்கள், குடும்பம் வறுமையில் கிடக்கிறது என்று இரங்கிக் கேட்கும் கடிதம். கண்டியில் பிள்ளைகள் மடிந்து நான்கு வருடங்கள் ஆகியிருந்தன. நாற்பது வருடங்களுக்கு முன் கணவரை நாடு கடத்திய அரசாங்கத்திடமே அந்த அம்மையார் கை நீட்ட வேண்டி வந்தது. ஒரு காலத்தில் அரசி. இந்த இடத்தை வகுப்பில் சொன்னபோது என் குரலே எனக்குக் கட்டுப்படவில்லை.

அந்தக் கடிதம் மலாய் மொழியில், அரபு எழுத்தில் எழுதப்பட்டது. ஜாவி என்பார்கள். நம் மூதாட்டிகள் தமிழை அரபு எழுத்தில் எழுதினார்களே, அதே வழக்கம்தான் அவர்களிடம் ஜாவி, நம்மிடம் அரபுத் தமிழ். இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டு, ஒரே எழுத்தில் வேறு வேறு பாஷையில் துக்கம் எழுதியிருக்கிறார்கள். ஸித்தி ஹபீபாவின் கடிதம் இன்று ஒல்லாந்து தேசத்தில் லெய்டன் பல்கலைக்கழக நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது.

அந்தக் குலம் அத்தோடு அற்றுப்போகவில்லை. கொழும்புப் பெரிய பள்ளிவாசலை 1820களில் மாடி வைத்துக் கட்டியபோது அதன் வடிவத்தை வரைந்தவர் முஹம்மது பலங்காயா. கோவா அரச மரபோடு உறவுடையவர், மலாய்ப் படையைச் சேர்ந்தவர். அந்த மலாய்ப் படை 1873ல் கலைக்கப்பட்டது. அதன் பிறகு அவர்களுடைய பிள்ளைகள் பொலிஸுக்கும் தோட்டங்களுக்கும் வேலைக்குப் போனார்கள். பெயருக்கு முன்னால் ‘துவான்’ போட்டுக்கொள்ளும் உங்கள் அயல்வீட்டுக் குடும்பம் இந்த வரலாற்றின் ஒரு துண்டு என்பதை அடுத்த முறை அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகும்போது நினைத்துக்கொள்ளுங்கள். மேஜர் டேவியின் பெயரில் வட்டாபுளுவையில் ஒரு மரத்தடியை இடம் காட்டுவார்கள். நூருத்தீனின் பெயரை நம் பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் நான் கண்டதில்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்தப் பிள்ளை கடைசியாகக் கேட்டது வேறொன்று. “அவங்களுக்கு ஜனாஸாத் தொழுகை யார் தொழுதது, ஹஸ்ரத்?” மன்னரின் படையில் சேர்ந்த மலாய் முஸ்லிம்கள் நூற்றுக்கணக்கில் அதே நகரத்தில்தான் இருந்தார்கள் என்று மட்டும் சொன்னேன். பிள்ளை தலையாட்டிவிட்டு முந்தானையைச் சரிசெய்துகொண்டு போனது.

ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு மரப்பெட்டியில் உம்மம்மா காலத்து அரபுத் தமிழ்க் கடிதம், கணக்குக் கொப்பி, நிக்காஹ் பதிவு என்று எதுவும் இருந்தால், வாசிக்கத் தெரியவில்லை என்று நோன்புக்கு வீடு துப்புரவாக்கும்போது எரித்துவிடாதீர்கள். எங்கள் வீட்டில் அப்படி ஒரு கட்டு இருந்தது. கறையான் பாதி, நாங்கள் பாதி என்று முடித்துவிட்டோம். உம்மம்மாவின் கையெழுத்து எனக்கு இப்போது ஒரே ஒரு துண்டில்தான் இருக்கிறது. அது கடிதம்கூட இல்லை, கடைக்குக் கொடுத்த சாமான் சிட்டை. இரண்டு கொத்து அரிசி, கால் இறாத்தல் மாசி, நூல் உருண்டை ஒன்று.